வழிதான் அடைபட்டது, வயிறு அல்ல

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை. பாசாரிலிருந்து வந்து காய்கறிகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கி வந்தவள் என் பழைய மாணவி. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தோட்டப் பள்ளியில், மூன்றாம் வகுப்பில், என் மேசையருகே நின்று வாய்ப்பாடு ஒப்பித்த சிறுமி. இன்று அவளுக்கு முப்பத்து நான்கு வயது. கூடவே அவள் கணவர். காரின் பின்னிருக்கையில் இன்னும் ஒருவர் இருந்தார், அவர் இறங்கவில்லை.

"மாமியார், டீச்சர். நான் வரலைன்னு அங்கேயே உட்கார்ந்துட்டாங்க" என்றாள்.

உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு தடித்த ஃபைலை எடுத்து என் முன் வைத்தாள். எல்லாம் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். திருமணமாகி ஆறு ஆண்டுகள். இரண்டு முறை கருத்தரித்தாள். இரண்டு முறையும் கரு, கருப்பையில் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிட்டது.

முதல் முறை நாள் தள்ளி இரண்டு வாரத்தில் அடிவயிற்றில் வலி. ஒரு கிளினிக்கில் 'காஸ்ட்ரிக்' என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்களாம். மறுநாள் மாலை குளியலறையில் மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இடது குழாய் வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் நிறைந்திருந்தது. அவசர அறுவைச் சிகிச்சை செய்து, அந்தக் குழாயை எடுத்து, உயிரைக் காப்பாற்றினார்கள். இரண்டாம் முறை வலது குழாய். முன்னதாகவே கண்டுபிடித்ததால் அறுவைக்கு அவசியமில்லாமல் ஊசி போட்டுக் கரைத்தார்கள். குழாய் தப்பியது, ஆனால் அது பழைய குழாயாக இல்லை.

"இனி இருக்கிற குழாயை நம்பிக் காத்திருக்கிறதைவிட, ஐ.வி.எஃப். முறையை யோசியுங்கள்" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீட்டில் மாமியார், "ஒரு குழாய்தான் இருக்கே, அது போதும். கண்ணாடியிலே வளர்த்த பிள்ளை நமக்கு எதுக்கு?" என்கிறார். கணவர் இரண்டு பக்கமும் பார்த்து வாய் மூடியிருக்கிறார்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் மலடியா, டீச்சர்?"

தாய்மார்களே, அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த மாதம் எழுதுகிறேன். "பேர் போடாம எழுதுங்க டீச்சர், நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்று அவளே சொன்னாள். நான் மருத்துவர் அல்ல. படித்ததையும் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்ததையும் எளிமையாகச் சொல்வது மட்டுமே என் வேலை.

வாய்க்காலில் வேர் பிடித்த நாற்று

ஆசிரியர் வேலை பார்த்த கை, காகிதமும் பென்சிலும் இல்லாமல் எதையும் விளக்கத் தெரியாது. ஒரு தாளை எடுத்துப் படம் போட்டேன். நடுவில் கருப்பை, இரு பக்கமும் இரண்டு குழாய்கள், குழாய்களின் முனையருகே இரண்டு முட்டைப்பைகள்.

கருக்குழாய் ஏறக்குறைய 10 செண்டிமீட்டர் நீளம். கருப்பையைச் சேரும் இடத்தில் அதன் துளை ஊசித் துளையைப் போலக் குறுகியது. ஆணின் விந்தணுவும் பெண்ணின் முட்டையும் சந்திப்பது கருப்பையில் அன்று, இந்தக் குழாயில்தான். அங்கே உண்டான கரு நான்கைந்து நாட்களில் குழாய் வழியே மெல்ல நகர்ந்து கருப்பைக்கு வருகிறது. குழாயின் உட்புறத்திலுள்ள நுண்ணிய மயிரிழைகள் அதைத் தள்ளிக் கொடுக்கின்றன. அந்த இழைகள் பழுதுபட்டாலோ, குழாயில் தழும்பு விழுந்தாலோ, கரு நடுவழியில் நின்றுவிடும். நின்ற இடத்திலேயே வேர் விடும்.

நம் கெப்பாலா பத்தாஸ் சுற்றுவட்டாரத்தில் வயல்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வயலில் நட வேண்டிய நாற்று வாய்க்காலில் விழுந்து வேர் பிடித்தால் என்ன ஆகும்? நாற்றின் மீதும் குற்றமில்லை, வயலின் மீதும் குற்றமில்லை. ஆனால் அது அங்கே விளைய முடியாது. குழாய் விரிந்து கொடுக்காது. ஒரு கட்டத்தில் வெடிக்கும். அந்தக் கருவைக் கருப்பைக்கு எடுத்து மாற்றி வைக்க இன்றுவரை வழியில்லை. ஆகவே அதை நீக்குவது தாயின் உயிரைக் காப்பதற்காகவே. இதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை.

நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இப்படி இடம் மாறித் தங்குகின்றன. அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குழாயில்தான். முன்பு வந்த கிருமித் தொற்று, குழாயில் அல்லது வயிற்றில் நடந்த அறுவை, புகைபிடித்தல் ஆகியவை காரணமாகலாம். பாதிப் பேருக்கு எந்தக் காரணமும் புலப்படுவதில்லை. மோட்டார் சைக்கிளில் போனதாலும் வருவதில்லை. அன்னாசி தின்றதாலும் வருவதில்லை. தண்ணீர் வாளி தூக்கியதாலும் வருவதில்லை. யாருடைய கண்ணும் பட்டு வருவதில்லை.

ஆனால் ஒரு முறை வந்தவருக்கு மறுமுறையும் வரக்கூடும். ஒரு முறை கண்டவர்களில் பத்தில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பமும் குழாயில் தங்குகிறது. இரண்டு முறை கண்டவர்களுக்கோ நான்கில் ஒன்றுக்கு மேல் அந்த ஆபத்து உண்டு. "ஒரு குழாய் போதும்" என்ற பேச்சுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. குழாய் இருக்கிறதா என்பதைவிட, அந்தக் குழாய் வேலை செய்கிறதா என்பதே கேள்வி.

காரில் இருந்தவர்

நான் வெளியே போய், கார்க் கதவைத் தட்டி, "அம்மா, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ளே வராம போகலாமா?" என்றேன். தயங்கித் தயங்கி வந்தார். அறுபதைத் தாண்டிய தோட்டத்து அம்மா. பால் மரம் சீவிய கை. பிறகு செம்பனையில் உழைத்த கை. மேசையில் கிடந்த படத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

அவருக்காக மீண்டும் ஒருமுறை சொன்னேன். வெடித்தால் என்ன அடையாளம் காட்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். நாள் தள்ளியிருக்கும், ஒரு பக்க அடிவயிற்றில் வலி, இலேசாக உதிரம் படும், பிறகு முகம் வெளுக்கும், தலை சுற்றும், மயக்கம் வரும், சிலருக்குத் தோள்பட்டையிலும் வலிக்கும் என்றேன்.

"தோள்லயா?" என்று கேட்டார் அந்த அம்மா. கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"ஆமாம்மா. வயிற்றுக்குள்ளே கசிகிற இரத்தம் மேலே உதரவிதானத்தை உறுத்தும்போது, அந்த வலி தோளில் தெரியும்."

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார். அவருக்குப் பதினொரு வயது இருக்கும்போது, லயத்து வீட்டில், கல்யாணமாகி ஓராண்டு ஆன மூத்த அக்காள் ஒரு விடியற்காலையில் வயிற்று வலி என்று சுருண்டு படுத்தாளாம். தோள் வலிக்கிறது, பிடித்துவிடு என்று தங்கையைக் கேட்டாளாம். இவர்தான் பிடித்துவிட்டார். மருத்துவச்சி வந்து வயிற்றை உருவினாள். பிறகு டிரெசர் வந்தார். லாரி பிடித்து டவுனுக்குக் கொண்டுபோவதற்குள் முகம் வெளுத்து அடங்கிவிட்டாள்.

"ரத்தக் காட்டேரி அடிச்சிடுச்சுன்னாங்க, டீச்சரம்மா. வெளியிலே ஒரு சொட்டு ரத்தம் இல்லே; ஒடம்பு மட்டும் வெள்ளைத் துணியா வெளுத்துப் போச்சு. அம்பது வருஷத்துக்கு மேலே ஆச்சு. இந்தப் பிள்ளை குளிக்கிற ரூம்புல விழுந்தப்போ எனக்கு அந்த மூஞ்சிதான் தெரிஞ்சது. அதான் ஊசி, ஆபரேஷன், ஆஸ்பத்திரின்னாலே எனக்கு ஈரக்குலை நடுங்குது."

அந்த அக்காளுக்கு நேர்ந்தது இதுதான் என்று நான் எப்படி உறுதியாகச் சொல்வேன்? பார்த்த மருத்துவர் யாருமில்லை. எழுதி வைத்த காகிதமும் இல்லை. ஆனால் நாம் பிடிவாதம் என்று பெயர் வைத்தது உண்மையில் பயம் என்று அப்போதுதான் எங்கள் மூவருக்கும் விளங்கியது. மருமகள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தக் காலத்தில் காட்டேரியின் தலையில் போட்ட பழியில் எத்தனை இளம் பெண்களின் உயிர் இப்படிப் போயிருக்குமோ! இன்று நாள் தள்ளியவுடன் இரத்தத்தில் எச்.சி.ஜி. என்னும் சுரப்பின் அளவைச் சோதித்து, உள்வழி ஸ்கேன் எடுத்து, வெடிப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க முடிகிறது. ஆகவே ஒருமுறை குழாய்க் கர்ப்பம் கண்டவர்கள், அடுத்த முறை ஒரு வாரம் தள்ளிப்போனாலும் கிளினிக்கில் போய் "எனக்கு முன்பு இப்படி நடந்திருக்கிறது" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். வலி என்று வயிற்றை உருவிக்கொள்ளவே கூடாது.

ஓல்டாமில் பிறந்த பெண்

"சரி, அந்தக் கண்ணாடிப் பிள்ளை சமாச்சாரம் என்ன?" என்று கேட்டவர் அந்த அம்மாவேதான். "கண்ணாடியிலே வளர்ந்தா கை கால் சரியா இருக்குமா?"

குடத்தில் பிறந்தவர் என்று புராணம் சொல்லும் அகத்தியரைத் தமிழுக்கே முனிவர் என்று கும்பிடுகிறவர்கள் நாம். ஆனால் இதற்குப் புராணம் தேவையில்லை. நடந்த வரலாறே இருக்கிறது.

இங்கிலாந்தில் லெஸ்லி பிரவுன் என்று ஒரு பெண். குழாய்கள் இரண்டும் அடைபட்டதால் ஒன்பது ஆண்டுகள் குழந்தைக்கு ஏங்கியவர். பெரிய இடத்துப் பெண் அல்ல. உழைத்துச் சாப்பிட்ட குடும்பம். ராபர்ட் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும், பேட்ரிக் ஸ்டெப்டோ என்ற மருத்துவரும், ஜீன் பர்டி என்ற தாதியும் சேர்ந்து அவருடைய ஒரே ஒரு முட்டையை வெளியில் எடுத்து, கணவரின் விந்தணுவோடு சேர்த்து, உண்டான கருவைக் கருப்பையில் கொண்டுபோய் வைத்தார்கள். குழாயை விட்டுவிட்டுச் சுற்றுவழியாகப் போனார்கள், அவ்வளவுதான். 1978 ஜூலை 25 அன்று ஓல்டாம் மருத்துவமனையில் லூயிஸ் என்ற பெண் குழந்தை பிறந்தது.

ஐ.வி.எஃப். முதன்முதலில் உண்டாக்கப்பட்டது குழாய் பழுதுபட்ட பெண்களுக்காகத்தான். என் மாணவியைப் போன்றவர்களுக்காகவே திறந்த கதவு அது.

ஆனால் அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. லூயிஸ் பிறப்பதற்கு முன் அவர்கள் கண்ட ஒரு கர்ப்பத்தைப் பற்றி 1976ஆம் ஆண்டு மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். அது என்ன ஆயிற்று தெரியுமா? கருப்பையில் வைத்த கரு நகர்ந்து போய்க் குழாயில் தங்கிவிட்டது! அதையும் நீக்க வேண்டியதாயிற்று. அவர்களிடம் இருநூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் இந்தச் சோதனைக்கு உடன்பட்டு வந்தார்கள். அவர்களில் குழந்தை பெற்றவர்கள் இருவர்தான். மற்றவர்கள் வெறுங்கையோடு போனார்கள். பெயர் தெரியாத அந்தப் பெண்கள் பட்ட வலியின் மேல்தான் இன்றைய சிகிச்சை நிற்கிறது. எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டெப்டோவும் ஜீன் பர்டியும் அதைக் காண உயிரோடு இல்லை.

லூயிஸ் பிறந்த 70ஆம் நாள், 1978 அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தத் தாய்க்கும் குழாயில்தான் அடைப்பு. ஆனால் அவர் சொன்னதை அரசு அமைத்த குழு நம்பவில்லை; அவரைச் சம்பந்தமில்லாத கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். மனமுடைந்து 1981இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் செய்தது உண்மை என்று பிற்பாடு 1997இல் எடுத்துச் சொன்னவர், 1986இல் பம்பாயில் பிறந்த குழந்தைக்காகப் பாடுபட்ட விஞ்ஞானி ஆனந்தகுமார். முதன்மை என்ற பெருமை தம்மிடமிருந்து போகும் என்று தெரிந்தே சொன்னார்.

நமக்குப் பக்கத்துச் சிங்கப்பூரில், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், 1983 மே 19 அன்று ஒரு ஆண் குழந்தை இம்முறையில் பிறந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம், இலங்கைத் தமிழ் வழிவந்தவர். சென்னையில் 1990இல் இந்தச் சாதனையைச் செய்தவர் நடிகர் ஜெமினி கணேசனின் மகள் டாக்டர் கமலா செல்வராஜ்.

கை கால் சரியாக இருக்குமா என்றீர்களே, அம்மா! அந்த லூயிஸ் வளர்ந்து, திருமணமாகி, இயற்கையாகவே கருத்தரித்துப் பிள்ளை பெற்றுவிட்டார். இன்று உலகில் இம்முறையில் பிறந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். கருவும் கண்ணாடியில் பத்து மாதம் வளர்வதில்லை. 'சோதனைக் குழாய்க் குழந்தை' என்று பெயர் வைத்தது பத்திரிகைக்காரர்கள். மூன்று நாள் அல்லது ஐந்து நாள் மட்டும் தட்டையான சிறு தட்டில் இருக்கிறது. பிறகு சுமப்பதும் பெறுவதும் தாய்தான்.

போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நல்லதைச் சொன்னது போலவே மற்றதையும் சொல்ல வேண்டும்.

முதலில் சிகிச்சை நடக்கும் விதம். ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி. பல முட்டைகள் ஒரே சமயத்தில் முற்றுவதற்காக. இடையிடையே ஸ்கேன். பிறகு மயக்க மருந்து கொடுத்து, ஊசி வழியே முட்டைகளை எடுப்பார்கள். கருவாக்கி, கருப்பையில் வைத்து, இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு வாரம்தான் ஊசியைவிடக் கொடியது என்று அனுபவித்தவர்கள் சொல்கிறார்கள். சிலருக்கு முட்டைப்பை அளவுக்கு மீறி வீங்கி, வயிறு உப்பி, மூச்சுத் திணறும். அப்படியானால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, பலிக்கும் அளவு. நல்ல மையத்தில், முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்கு, ஒரு முறைக்கு மூன்றில் ஒன்று போலக் குழந்தை பிறக்க வாய்ப்பு உண்டு. நாற்பதைத் தாண்டினால் பத்தில் ஒன்றுக்கு இறங்கும். பிறகு இன்னும் குறையும். ஆகவே "இன்னும் இரண்டு தைப்பூசம் போகட்டும், காவடி எடுத்துப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. காவடி எடுங்கள், கோயிலில் தொட்டில் கட்டுங்கள், மருத்துவரையும் அதே வாரத்தில் பாருங்கள். முருகன் கோபிக்க மாட்டான்.

மூன்றாவது, என் மாணவியின் பெரிய பயம். "இதிலேயும் குழாய்க்குப் போயிடுமா, டீச்சர்?" போகலாம். ஓல்டாமில் நடந்ததே சாட்சி. ஆனால் நான்கில் ஒன்று என்ற ஆபத்து இங்கே நூறில் இரண்டு மூன்று என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. குழாய் பழுதுபட்டவர்களுக்குச் சற்றுக் கூடலாம். ஒரே கருவை மட்டும் வைத்தால் இன்னும் குறையும். இரட்டைப் பிள்ளை ஆபத்தும் குறையும். இரண்டு குழாயையும் எடுத்தவர்களுக்குக்கூட மிக அரிதாக வேறு இடத்தில் தங்குவதுண்டு. எனவே கர்ப்பம் உறுதியானதும் ஸ்கேனில் கரு கருப்பைக்குள் இருப்பதைக் கண்ணால் காணும் வரை மருத்துவரை விடாதீர்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அவள் ஃபைலின் மேலேயே எழுதிக் கொடுத்தேன்.

மீதியுள்ள குழாயில் நீர் கோத்து வீங்கியிருக்கிறதா? அப்படியிருந்தால் அந்த நீர் கருப்பைக்குள் வடிந்து, வைத்த கருவைத் தங்கவிடாது. முதலில் குழாயை எடுத்துவிடவோ அடைத்துவிடவோ வேண்டுமா?

கருவைக் கரைக்க மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டு எத்தனை மாதமாயிற்று? குறைந்தது மூன்று மாதம் இடைவெளி வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையை எப்போது தொடங்கலாம்?

ஒரு கருவா, இரண்டா? என் வயதில், என் முட்டை இருப்பில், உங்கள் மையத்தில் குழந்தை பெற்றவர்கள் எத்தனை பேர்? கர்ப்பமானவர்கள் கணக்கு வேண்டாம். குழந்தையோடு வீடு போனவர்கள் கணக்கு வேண்டும்.

கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்ததா? இதைக் கேட்டதும் மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, இது அவளுடைய நோய் அல்ல, உங்கள் இருவருடைய காரியம்" என்றேன். "நானும் போறேன், டீச்சர்" என்றார். அன்று மாலை அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

காசு சமாச்சாரம்

தனியார் மையங்களில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 15,000 வெள்ளியிலிருந்து 25,000 வெள்ளி வரை ஆகிறது. மருந்தைப் பொறுத்து மேலும் கூடும். அரசு மருத்துவமனைகளில் மிகக் குறைவு. கோலாலம்பூர் துங்கு அஸிஸா மருத்துவமனையிலும், நமக்கு வடக்கே அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை உண்டு. காத்திருப்போர் பட்டியலும், வயது முதலிய நிபந்தனைகளும் இருக்கும். ஆகவே பெயரைச் சீக்கிரம் பதிய வேண்டும். அரசாங்கக் கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கிப் போவதே முறை. நம் பெர்த்தாமிலேயே அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். எல்.பி.பி.கே.என். என்னும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் குழந்தையில்லாத் தம்பதியருக்கு ஆலோசனையும் சிகிச்சையும் தருகிறது.

2020ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இரண்டு நல்ல அறிவிப்புகள் வந்தன. ஒன்று, கருத்தரிப்புச் சிகிச்சைக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கலாம். இரண்டு, அந்தச் செலவுக்கு வருமான வரியில் கழிவு கேட்கலாம். சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, எந்தக் கணக்கிலிருந்து எடுக்கலாம் என்று அலுவலகத்திலேயே கேட்டு, ரசீது ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் ஒன்று சொல்வேன். தொடங்கும் முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து, "எத்தனை முறை, எவ்வளவு பணம்" என்று எல்லை போட்டுக்கொள்ள வேண்டும். அந்த எல்லையை ஒரு தாளில் எழுதுங்கள். தோல்வி கண்ட மறுநாள் மனம் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றுதான் சொல்லும். அடகுக் கடைக்கும் வட்டிக்காரனுக்கும் தாலியைக் கொடுத்துப் பிள்ளை தேடாதீர்கள். வரப்போகும் பிள்ளைக்கும் ஒரு வீடு வேண்டுமே!

வேண்டாம் என்று முடிவு செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு. 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி, முறையாக நீதிமன்றம் வழியாகப் பிள்ளையைத் தத்தெடுக்கலாம். சமூகநல இலாகாவில் கேட்டால் வழி சொல்வார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கைமாற்றி வாங்கிவிட்டு, பிறகு பள்ளியில் சேர்க்கப் பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலைகிற குடும்பங்களை ஆசிரியை என்ற முறையில் நான் கண்டிருக்கிறேன். அந்தத் தவறு வேண்டாம். இருவர் மட்டுமே ஒருவருக்கொருவர் துணையாக வாழ்வதும் குறைந்த வாழ்வு அல்ல.

அவளுக்குச் சொன்ன பதில்

"நான் மலடியா?" என்றாளே, அதற்கு என்ன சொன்னேன்?

"நீ இரண்டு முறை கருத்தரித்தவள். உன் முட்டை நல்ல முட்டை. உன் கருப்பைக்கு இன்னும் ஒரு முறைகூட வாய்ப்புக் கிடைக்கவில்லை; வரவேண்டிய கரு அதன் வாசலுக்கே வந்து சேரவில்லை. வழிதான் அடைபட்டது, வயிறு அல்ல. அந்தச் சொல்லை இனி நீயும் சொல்லாதே. யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு இராதே. போன இரண்டும் உன் பிள்ளைகள்தான். அவற்றுக்காக அழ வேண்டுமென்றால் அழு. யாரும் உனக்குத் துக்கம் விசாரிக்க வரவில்லை என்பதால் அது துக்கமில்லை என்று ஆகிவிடாது."

அழுதாள். அவள் மாமியார் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார். "எப்போ அந்த டாக்டரைப் பார்க்கணும்? நானும் வரேன். பின்னாலே உட்கார்ந்துக்கிறேன்" என்றார்.

போன வாரம் தொலைபேசியில் பேசினாள். குழாயில் நீர் இருக்கிறதா என்று பார்க்க நாள் கொடுத்திருக்கிறார்களாம். கணவரின் பரிசோதனை முடிந்துவிட்டது. ஐ.வி.எஃப். செய்வதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. எடுத்தால் இரண்டு முறை மட்டும் என்று தாளில் எழுதிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்களாம். முடிவு எதுவானாலும் மூன்று பேரும் சேர்ந்து எடுக்கும் முடிவு அது. எனக்கு அதுவே போதும்.

கடைசியாக, இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்ற தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த இளம்பெண்ணிடம் "என்னம்மா, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்க வாய் வரும். கேட்காதீர்கள். அவள் வயிற்றில் தையல் போட்ட தழும்பு இருக்கலாம். அவள் அந்த மாதம்தான் ஒன்றை இழந்திருக்கலாம். "சாப்பிடும்மா, பாயசம் நல்லா இருக்கு" என்று சொல்லுங்கள். அது போதும்.